வெள்ளிக்கிழமைகளில் போன பட்டறை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தாராவிச் சதுப்பில் கூடை கூடையாக மண் கொட்டி, தகரம் அடித்து, தோல் பை தைக்கும் பட்டறையை எழுப்பியது இந்தக் கைதான். பி.ஏ. படித்தவன் எவனாவது வந்து செய்து காட்டட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், ஊரில் வாப்பா மௌத்தானார். ஊருக்குப் புறப்படும்போது சாவியை என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடித்துத் திரும்பினால் கதவில் வேறு பூட்டு. உள்ளே அவன் குடும்பம்.

"நீங்க இனி வரமாட்டீயன்னு நினைச்சேன் மச்சான்" என்றான். என் நாற்காலியில் இருந்துகொண்டே சொன்னான்.

அன்றே மாட்டுங்கா வக்கீலிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குள் தகராறு என்றால் ஜமாத்தில்தான் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். எனக்கோ கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கச்சிகள் இரண்டு பேர்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடியட்டும்வே, பேசி முடிச்சிருவோம்" என்றார் ஜமாத் தலைவர். அந்த வெள்ளிக்கிழமை மச்சினனுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் டிராம்பேயில் வேலையாம். பிறகு நோன்பு வந்தது. "நோன்பு மாசத்துல வழக்கா? பெருநாள் கழியட்டும்." பெருநாள் கழிந்தது, தலைவர் ஊருக்குப் போய்விட்டார். நானும் மடையன் மாதிரி வாராவாரம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

எட்டாவது மாதம்தான் வக்கீல் வீட்டுப் படி ஏறினேன்.

"உம்மை வெளியேத்தி எத்தனை நாளாச்சு?"

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா, இடம் யாருதுன்னே கோர்ட் கேட்டிருக்காதேய்யா. இடம் உம்ம கையில இருந்தது, உம்ம சம்மதமில்லாம அவன் பிடிச்சுண்டான். அது போதும், திருப்பிக் கொடுன்னு சொல்லியிருக்கும். இனிமே போட்டா பெரிய வழக்கு. யாருக்கு உரிமை அதிகம்னு வருஷக்கணக்கா வாதாடணும். காகிதம் என்ன இருக்கு?"

"மண் கொட்டினது நான்."

"பார்த்தவா யாராவது வந்து சொல்வாளா?"

பார்த்தவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் ஜமாத்துக்காரர்கள். வீடு வீடாகப் போனேன். டீ கொடுத்தார்கள். ஒருவன், நானே பம்பாய்க்குக் கூட்டிவந்து தொழில் சொல்லிக்கொடுத்தவன், முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"உங்களுக்கென்ன மாமா, நெனச்சா நாலு பட்டறை போட்டுருவீய. அவன் புள்ளகுட்டிக்காரன். விட்டுருங்க."

சாட்சி சொல்ல ஒருத்தன் இல்லை. வழக்கும் போடவில்லை.

நாலு இல்லை, ஆறு பட்டறை போட்டேன். முலுண்டில் பிளாட் வாங்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லியே ஜமாத்துக்காரர்கள் என் இடத்தை அவனுக்கு ஆக்கிவிட்டார்கள். இப்போது ஊரில், மச்சினனுக்குப் பெரிய மனசோடு பட்டறையைக் கொடுத்தவன் என்று என்னைப் பேசுகிறார்களாம். நான் கொடுக்கவில்லை. பிடுங்கினான், நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.