தெருவுக்கும் கம்பெனிக்கும் பொதுவான மூக்கு

இன்னும் காபி குடிக்கவில்லை. தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியடியில் மேற்கே பார்த்து நின்று லினெட் மூச்சை இழுக்கிறார், விடுகிறார், கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுக்கிறார். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். என்ன செய்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு செல்பேசியை வாயருகே கொண்டுபோய் ஒரு சொல்லைப் பதிவு செய்து யாருக்கோ அனுப்புகிறார்.

“லேசா.”

அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து காபிக்குப் பால் வைக்கிறார்.

லினெட்டுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. தொழில், ரவிக்கை தைப்பது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் அவர் வீடு. முன்னறையில் தையல் இயந்திரம். அதன் பக்கத்தில் அரிசி கொட்டி வைக்கும் எவர்சில்வர் டிரம்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அரிசி கிடையாது. தைத்து முடித்த ரவிக்கைகளை உறையில் போட்டு உள்ளே வைத்து மூடியை அழுத்தி மூடிவிடுகிறார். நகரத்தின் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாம் கார் வைத்துக்கொண்டு வந்து இவரிடம்தான் தைக்கக் கொடுக்கிறார். அளவு எடுக்கும்போது லினெட் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு பேசுவார், பயமாக இருக்கும். அவர் அதை நிறுத்தியதில்லை.

டிரம் வந்த கதையை அவரே என்னிடம் சொன்னார். “கல்யாணப் பொண்ணுக்குப் பட்டு ரவிக்கை. போட்டுப் பாத்துட்டு, ‘இன்னாக்கா, கருவாட்டுக் கூடையில வெச்சிருந்தியா’ன்னு கேட்டுச்சு. பொண்ணோட மாமியாரு பக்கத்துலயே நிக்கிறாங்க. எனக்கு மூஞ்ச எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.”

தெருவுக்கு மேற்கே ஒரு மீன் தூள் ஆலை. கழிவு மீனை வேகவைத்துப் பிழிந்து உலர்த்திக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். தெருவில் அதற்குப் பெயர் ‘மீன் கம்பெனி’. மீனை வேகவைக்கும்போது எழும் ஆவி காலை மேல்காற்றில் நேராகத் தெருவுக்குள் இறங்கும். குழந்தைகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும். காயப்போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பெனியில் வேகவைக்கும் கொப்பரையைப் பார்த்துக்கொள்கிறவர் மரிய அருண். லினெட்டின் கணவர். புகார் மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவர் லினெட்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஜீப் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் தெரு வாசனையற்றுக் கிடந்தது. “ஜீப்பப் பாத்தாலே நாத்தம் லீவு போட்டுடுது சார்” என்று தெருச் சங்கச் செயலாளர் கோவிந்தசாமி கத்தினார். அந்த அலுவலகத்தின் கோபிநாத் என்ற இளம் பொறியாளர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜீப் வருவது மதியம். அதற்குள் கடல்காற்று ஏறி நாற்றத்தை மேற்கே வயல் பக்கம் தள்ளிவிடுகிறது. அடுத்த நாள் அவர் விடிந்ததும் பைக்கில் வந்தார். தொட்டியடியில் நின்றார். கைக்குட்டையை எடுத்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் தினமும் அவரால் வர முடியாது. கருவி ஓரிரு வாயுக்களை அளக்கும். பல வாயுக்கள் கலந்த இந்த நாற்றத்துக்கு மனித மூக்கே அளவுகோல் என்று தெருக் கூட்டத்தில் விளக்கினார். கம்பெனி நாற்றத்துக்கு ஒரு வடிகட்டி கட்டி முடிக்கும்வரை ஓர் ஏற்பாடு செய்தார்கள். தெருவுக்கு ஒருவர், கம்பெனிக்கு ஒருவர், இருவருக்கும் பொதுவாக ஒருவர். மூவரும் காலையில் தொட்டியடியில் நின்று முகர்ந்து சொல்ல வேண்டும். இல்லை, லேசாக, இருக்கிறது, தாங்கவில்லை என்று நான்கே பதில்கள். மூவரில் இருவர் தொடர்ந்து இரண்டு நாள் ‘தாங்கவில்லை’ என்றால் கொப்பரை அடுப்பை அணைத்துவிட வேண்டும். வடிகட்டி முடிந்த பிறகே பற்றவைக்கலாம்.

பொதுவானவர் யார் என்றபோது இரு தரப்பும் ஒரே பெயரைச் சொன்னது. கையெழுத்துப் போட்டவர் என்று தெரு நம்பியது. கொப்பரைக்காரர் மனைவி என்று கம்பெனி நம்பியது.

“வேணாம் சார், எனக்குத் தைக்கிற வேல கெடக்கு” என்றார் லினெட். பிறகு ஒப்புக்கொண்டார். முகர்வதற்கு முன் காபி, வாசனைச் சோப்பு, பூ, பவுடர் எதுவும் கூடாது என்று கோபிநாத் சொன்னதைச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொண்டார். வீட்டில் ஊதுவத்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாம்பிராணி படாமலிருக்க மாதா கோயிலின் கடைசி வரிசையில் வாசலோரம் போய் உட்கார்ந்தார்.

கோவிந்தசாமி எந்த நாளும் ‘தாங்கல’ என்றுதான் சொன்னார். கம்பெனி மேலாளர் கலைவாணன் எந்த நாளும் ‘இல்ல’ என்றார். ஆக, லினெட் சொல்வதுதான் தீர்ப்பு.

முதல் சண்டை தெருவோடு வந்தது. அன்று கேபிள் டிவிக்காரர்களை வரவழைத்திருந்தார் கோவிந்தசாமி. மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். கேமரா லினெட் பக்கம் திரும்பியது.

“இது கம்பெனி நாத்தம் இல்ல” என்றார் லினெட். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவின் மறுகோடிக்கு நடந்தார். காலிமனைப் புதருக்குள் யாரோ கோழிக்கடைக் கழிவை மூட்டையோடு கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கேமராவும் பின்னாலேயே வந்து மூட்டையைப் படமெடுத்தது.

“ஒரு நாளு சும்மா ஆமான்னு சொன்னா இன்னா கொறஞ்சுபூடும்?” என்றார் கோவிந்தசாமி. “புருசன் சம்பளம் பேசுது.”

லினெட் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அன்று தைத்த ரவிக்கையில் கை இரண்டையும் இடம் மாற்றித் தைத்து, பிரித்து மறுபடி தைத்தாராம்.

மீன்பிடித் தடைக் காலம் வந்தது. உள்ளூர்ப் படகுகள் கரையேறிவிட்டதால் கம்பெனிக்கு வெளியூர் லாரிகளில் மீன் வந்தது. வழியிலேயே ஐஸ் கரைந்து அழுகத் தொடங்கிய மீன். முதல் நாளே லினெட் ‘தாங்கல’ என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மரிய அருண் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி பேசினார்.

“நாளைக்கும் அதே லோடுதான் லினெட்டு. மேனேஜர் கேக்க மாட்டேன்றாரு. நீ சளி புடிச்சிருக்குன்னு படுத்துக்கோ. ஒரு நாளுதான்.”

“சளி புடிச்சா படுத்துக்கறேங்க.”

“வடிகட்டி முடியற வரைக்கும் வேல இருக்காது. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.”

“தெரியுங்க.”

மறுநாள் அவருக்குச் சளி பிடிக்கவில்லை. தொட்டியடிக்குப் போனார். கலைவாணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லினெட் ஒரு முறைதான் மூச்சை இழுத்தார். இரண்டாவது முறை இழுக்க முடியாமல் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தாங்கல” என்றார்.

அன்று மதியம் அடுப்பு அணைந்தது. தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. கோவிந்தசாமி லட்டு வாங்கிக் கொடுத்தார். லினெட் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. அவர் அதை மூடி வைத்தார். பிறகு எறும்பு வந்துவிட்டது.

கம்பெனியில் கூலிக்குப் போனவர்களில் பாதிப்பேர் அதே தெருக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். எதிர்வீட்டுப் பார்வதி மட்டும் வாசலில் நின்று கேட்டார். அவர் கணவரும் கொப்பரையில்தான் வேலை.

“ஏன்க்கா, ஒன் வூட்டு அடுப்பும் சேந்துதானே அணையுது? தெரிஞ்சேவா சொன்ன?”

“நாறுச்சு பார்வதி. நாறலன்னு எப்பிடி சொல்லுவேன்?”

“எங்களுக்கும்தான் நாறுது. நாங்க சொன்னமா?”

லினெட் துணியை மடித்துக் கொடுத்தார். வெட்டி வைத்திருந்த கைத்துண்டுகளையும் மறக்காமல் உள்ளே வைத்தார்.

மரிய அருண் அரியாங்குப்பத்தில் ஒரு மரக்கடையில் டெம்போ ஓட்டப் போனார். வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு வை, தண்ணி வந்துச்சா, இவ்வளவுதான். பல நாள் கழித்து, செருப்பை மாட்டிக்கொண்டே ஒருநாள் அவர் சொன்னதை லினெட் என்னிடம் அப்படியே சொன்னார். “‘உள்ள நிக்கிற எனக்கே அன்னிக்கித் தாங்கல. நீ சொன்னது நெசந்தான். ஆனா நீ சொல்லியிருக்க வேணாம்.’ சொல்லிட்டு டெம்போ எடுக்கப் போயிட்டாரு. நான் இன்னான்னு எடுத்துக்கறது, சொல்லுங்க?”

அவர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

மழைக்காலம் தொடங்கும் முன் வடிகட்டி முடிந்தது. பெரிய தொட்டி நிறையத் தேங்காய் நாரும் மட்கிய எருவும் நிரப்பி, கொப்பரை ஆவியை அடியிலிருந்து அதற்குள் செலுத்துகிறார்கள். நார் காய்ந்தால் வேலை செய்யாது. எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். கம்பெனி எல்லாரையும் திரும்ப அழைத்தது. மரிய அருணை மட்டும் கொப்பரையிலிருந்து மாற்றி, அந்த நார்ப் படுக்கைக்குத் தண்ணீர் காட்டும் வேலையில் போட்டார்கள். இது தண்டனையா, நம்பிக்கையா என்று அவருக்கும் புரியவில்லை. ‘தோட்டக்காரன்’ என்று உடன் வேலை செய்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

நாற்றம் முழுதாகப் போகவில்லை. மேல்காற்று பலமாக வீசும் நாளில் இன்னும் உண்டு. குழுவின் வேலை முடிந்தது. கலைவாணன் வேறு ஊர் ஆலைக்குப் போய்விட்டார். கோவிந்தசாமி சாக்கடைப் பிரச்சினைக்கு மாறிவிட்டார். பார்வதி ஒரு தீபாவளிக்கு மூன்று ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

லினெட் மட்டும் தொட்டியடிக்குப் போவதை நிறுத்தவில்லை. கோபிநாத்துக்குத் தினமும் ஒரு சொல் போகிறது. இப்போதெல்லாம் அவர் எப்போதாவது ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புகிறார்.

“யாரும் கேக்கலியே, எதுக்கு இன்னும் போறீங்க?” என்று கேட்டேன்.

“கேக்கலன்னா காத்து வராதா?” என்றார். கொக்கி வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கிளம்பும் நேரத்தில் மரிய அருண் வேலை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் படியிலேயே நின்றார். லினெட் எழுந்து போனார். மரிய அருண் தோளை லேசாகச் சாய்த்துக் கொடுக்க, லினெட் அவர் சட்டைக் காலரை இரண்டு விரலால் இழுத்து, கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு முறை மூச்சை இழுத்தார். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறையும் இழுத்தார்.

பிறகு நிலைப்படியை விட்டு ஒதுங்கி வழி விட்டார்.