புடலங்காய்க்குப் பூட்டு

மயிலாத்தாள் தன் தோட்டத்துப் புடலங்காய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள் என்று வேலந்தாவளம் சந்தையில் பேச்சு. காலையில் பிஞ்சாக இருந்த செய்தி டீக்கடையைத் தாண்டுவதற்குள் பழுத்துவிட்டது. காய்க்குள்ளே நகையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றார் ஒருவர். புருஷன் மேல் நம்பிக்கை இல்லாமல் பூட்டியது என்றார் இன்னொருவர். அவர் தன் வீட்டு அனுபவத்தைச் சொல்லியிருக்கக்கூடும். வாட்ஸாப்பில் படமும் சுற்றியது. அதில் பூட்டு நன்றாகத் தெரிந்தது, காய்தான் தெரியவில்லை.

சரிபார்க்க நினைப்பவர்கள் தண்ணீர் நின்றுபோன பாசனக் கனால் கரையோடு நடந்தால் போதும். போகம் முடிந்தாயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பந்தலைப் பிரித்துக் கம்பியைச் சுருட்டி உழுதும் விட்டார்கள். நடுவே, கல்யாணம் முடிந்தும் பிரிக்க மறந்ததுபோல ஒரு மூலைப் பந்தல் மட்டும் நிற்கிறது. நாலு கால், ஒரே கொடி, ஒரே காய். அதன் கீழே, சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அண்ணாந்தபடி மயிலாத்தாள்.

பூட்டு உண்மைதான். கையகலத் திண்டுக்கல் பூட்டு, காயின் நுனியில் சணல் கட்டித் தொங்குகிறது. புடலை வளையாமல் நீள்வதற்காக, பிஞ்சிலேயே வாலில் கல்லைக் கட்டிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கோணல் காயைச் சந்தையில் யாரும் சீந்தமாட்டார்கள். மற்றவர்களுக்கு அது வழக்கம், மயிலாத்தாளுக்கு வியாதி. கல்லைக் கையில் தூக்கி எடைபார்த்து, காய்க்குக் காய் மாற்றிக் கட்டுவாள். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் காய் பிஞ்சிலேயே அரிவாள்போல வளைந்தது, எந்தக் கல்லுக்கும் மசியவில்லை. கண்ணில் பட்டது பூட்டு.

அந்த ஒரு காய்க்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், அது விதைக்கு விட்ட காய். போன ஆடியில் கனாலுக்கு அக்கரைத் தோட்டத்து ஜானகியம்மாளிடம் ஒரு கை நெட்டைப்புடலை விதை வாங்கினாள். அந்தச் சாதி ஜானகியம்மாள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. வாங்கிய விதையை அடுத்த ஆடிக்குள் இரண்டு கையாகத் திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் விதைத்தால் கொடி முழுக்க ஆண்பூவாகப் பூத்து, காய் பிடிக்காமல் கொட்டும் என்று இங்கே நம்பிக்கை. சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அரசாங்க விவசாய ஆபீசான கிருஷிபவனில் வேறு விதைப் பாக்கெட் கிடைக்கும். ஆனால் வாங்கினது எதுவோ அதையேதான் கொடுக்க வேண்டும். போதாததற்கு, ஜானகியம்மாள் தனக்கென்று வைத்திருந்த விதையை வண்டு துளைத்து மாவாக்கிவிட்டது. அந்தச் சாதிக்கு இப்போது உலகத்தில் மிச்சம் இந்தக் கோணல் ஒன்றுதான்.

நியாயமாக ஒரு டஜனாவது இருந்திருக்க வேண்டும். நல்ல நேரான காய்களாகப் பொறுக்கி, காம்பில் சிவப்புத் துணி கட்டி விதைக்கு விட்டிருந்தாள். கல்யாணத்துக்கு மொத்தமாகக் காய் கேட்பவர்கள் அறுக்க வேண்டியதற்குத் துணி கட்டிப் போவதும் உண்டு. அவள் புருஷன் அப்புசாமி, கடைசி லோடு அன்றைக்கு வண்டிக்காரர் அவசரப்படுத்த, அந்தத் துணிதான் இது என்று துணி கட்டியதையெல்லாம் தேடித் தேடி அறுத்து ஏற்றிவிட்டார். இலைக்குள் ஒளிந்திருந்த கோணல் மட்டும் தப்பியது.

“அடையாளத்தப் பாத்துத்தானுங்க அறுத்தேன்,” என்கிறார் அப்புசாமி, இன்றைக்கும் நியாயம் கேட்கும் குரலில்.

“வாங்கறவிக துணி கட்டறதுக்கு முந்தி நான் கட்டிப்போட்டேனே, அது தெரியாதாக்கு?” என்கிறாள் மயிலாத்தாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கனால் நின்றதிலிருந்து கொடிக்குக் குடத்தில் சுமந்துதான் தண்ணீர். காயைக் கொத்த மயில்கள் வருகின்றன. பேருக்கேற்ற சொந்தம் என்று அப்புசாமி சிரிப்பார். அவள் சிரிப்பதில்லை, தகரத்தைத் தட்டுகிறாள். உழ வந்த டிராக்டர்காரர், கோயிலைச் சுற்றுவதுபோல அந்த மூலையைச் சுற்றிவிட்டுப் போனார். காயின் வால் சிவந்துவிட்டது. காம்பு காய வேண்டும். அதற்குள் கோடைமழைக் காற்று அடித்தால் தீர்ந்தது. மேகம் திரளுகிறதா என்று மலையைப் பார்ப்பாள், உடனே காயைப் பார்ப்பாள், கழுத்துக்கு வேறு வேலை இல்லை.

அன்றைக்கு மலைப்பக்கம் கருத்து, காற்றும் கிளம்பிய நேரத்தில்தான் ஜானகியம்மாள் வரப்பேறி வந்தாள்.

“மயிலு, வெதை தேறுமா?”

“தேறுமுங்க்கா. காம்புதான் இன்னும் பச்சையாக் கெடக்குது.”

ஜானகியம்மாள் கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தாள். காயைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

“இது எங்க மோட்டார் ரூம் பூட்டாட்ட இருக்குது?”

அவளுடையதேதான். தை மாதம், மயிலாத்தாள் தன் மோட்டார் ரூமுக்கென்று அவளிடம் கேட்டு வாங்கி வந்த பூட்டு.

“எங்க ரூமு தெறந்து கெடக்குது, நீ புடலங்காயப் பூட்டி வெச்சிருக்கற. பழுக்கற காய்க்கு எதுக்குடி கனம்? காத்து ஒரு ஆட்டு ஆட்டுனா காம்பு அத்துப் போகும்.”

“எடுத்தா சுருட்டிக்குமுங்க்கா. கோணக்காய் வெதையக் கொண்டாந்து எப்படி உங்க கையில குடுப்பேன்?”

“எங்கூட்டுக்காரரு கோணத்தான் நடக்கறாரு. பெத்ததெல்லாம் நேராத்தான் நடக்குது. பூட்டக் குடு.”

காற்று பந்தலை உலுக்கியது. பூட்டு ஊசலாடியது, கொடி மொத்தமும் கிறீச்சிட்டது. மயிலாத்தாள் எக்கிச் சணலை அவிழ்த்தாள். கனம் போனதும் காய் மெதுவாக மேலே சுருண்டது, பழைய அரிவாள் வளைவுக்கே. அதன் வாலை அவசரமாக இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள், இழுக்காமல், அமுக்காமல், ஆடாத அளவுக்கு மட்டும்.

வலது கையால் பூட்டை நீட்டினாள். ஜானகியம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னொரு கையையும் நீட்டியபடி, “வெதை?” என்றாள்.

முதல் தூறல் விழுந்தது. “காம்பு காயட்டுமுங்க்கா,” என்று மயிலாத்தாள் இரண்டாவது கையையும் காய்க்குக் கீழே கொண்டுபோனாள்.