ஸ்டெல்லா ஆன்ட்டி கரைத்த சர்க்கரை

"உப்புத் தண்ணி கொடுத்துக்கிட்டேதானே இருக்கேன்? அப்புறம் சர்க்கரை எதுக்குடி?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. நான் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலை அப்போதுதான் முடித்திருந்தேன். கையில் நான் வாங்கி வந்த, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தது.

வெளிமாநிலத்தில், கட்கி என்ற ஊரில் ஆன்ட்டி குடும்பம் எங்கள் பக்கத்து வீடு. ஆன்ட்டிக்கு ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். கணவர் சுனில் அங்கிளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே வீட்டுச் சர்க்கரை முழுவதையும் எங்களிடம் கொடுத்துவிட்டார். விருந்தாளிக்கும் சப்பென்ற டீதான். "இனிப்பா வேணும்னா உங்க வீட்ல போய்க் குடிங்க" என்பார். அந்தக் கண்டிப்பால்தான் அங்கிளின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கிளுக்கு விடாமல் வயிற்றுப்போக்கு.

"பானிபூரி தின்னீங்களா?"

"ஒரே ஒரு பிளேட், ஸ்டெல்லா."

"ஒரு பிளேட்டுக்கா இந்த ஆட்டம்?"

கேலி செய்தாலும் ஆன்ட்டியின் முகத்தில் பயம் தெரிந்தது. உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். குடித்ததெல்லாம் வெளியே போனது. அங்கிளின் கண்கள் குழிந்து, நாக்கு வறண்டுவிட்டது. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. பாக்கெட்டில் குளுக்கோஸ் என்று படித்ததும் ஆன்ட்டி அதை என்னிடமே திருப்பித் தந்தார்.

"நானே அவருக்கு விஷம் வைக்கவா?"

 அங்கிள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வைஷாலிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டர் இந்தியில் நிதானமாக விளக்கினார். குடலின் உள்பக்கச் செல்களைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் அதைத் தானாகத் தாண்ட முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம்தான் அதை உள்ளே கொண்டுபோகிறது. குளுக்கோஸும் கூட வந்தால்தான் அந்தப் புரதம் வேலை செய்யும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்கின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை.

"இது இனிப்புக்காகப் போட்ட சர்க்கரை இல்லை, தண்ணீரை உள்ளே அனுப்பப் போட்டது. கொடுங்கள். மீட்டரில் சர்க்கரையையும் பாருங்கள். அப்படியும் சிறுநீர் வராவிட்டாலோ, சோர்வு கூடினாலோ உடனே கூட்டி வாருங்கள்" என்றார்.

ஆன்ட்டி பாக்கெட்டை என்னிடமிருந்து வாங்கினார். பிறகு அதில் எழுதியிருந்தபடி ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து கரைத்து, அங்கிளின் தலையை மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். நடுநடுவே அவர் விரலில் குத்தி மீட்டரைப் பார்த்தார். சர்க்கரை ஏறியது, ஆனால் டாக்டர் சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. சாயங்காலம் அங்கிள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய் வந்தார்.

"ஒண்ணுக்குப் போச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார் ஆன்ட்டி.

"போச்சு, போச்சு! மானத்தை வாங்காதே!"

ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அழுதார்.

சர்க்கரை நோய்க்குப் பயந்து இனிப்பையே ஒதுக்கிய வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் வெறும் உப்புத் தண்ணீரோடு நிற்காமல், உடனே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.