பூட்டுக்காரரின் சனிக்கிழமை

பூட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் வலுவிழந்தன. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைப் பராமரிக்கப் போன முதல் நாளே, "தலையணையத் தட்டுறீங்களா, இல்ல ஏதாவது பழைய பகையா?" என்று என்னைக் கேட்டார். இவர் தேறிவிடுவார் என்று முடிவு செய்தேன்.

பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவர். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று இளவயதில் வீட்டில் சொன்னதும், அண்ணன் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். "அன்னைக்கே பூட்டு மேல ஆர்வம் வந்துடுச்சு" என்பார் சிரித்துக்கொண்டே. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரோடு வெகுகாலமாகச் சேர்ந்து வாழ்கிறார். இருவருக்கும் சொந்தபந்தம் எல்லாம் தங்களைப் போன்ற நண்பர்கள்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் தையல்கடை மாடியில் கூடுவார்கள். சாப்பாடு, சீட்டு, பாட்டு, ஆட்டம். ஆட்டத்தில் பூட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நோய் வந்தபின் அவர் போகவில்லை. அவரை விட்டுவிட்டுக் கண்ணாடிக்காரரும் போகவில்லை. சனிக்கிழமைகளில் இருவரும் எதிரெதிரே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. எனக்கு அது வேண்டாம்."

"நீ ஆடுறதுக்காகவா உன்னச் சேத்துக்கிட்டாங்க?"

நான் குறுக்கே புகுந்தேன். "ஒரு தடவ போய்ப் பாருங்க. பிடிக்கலன்னா அதோட விட்டுடலாம். நானும் வர்றேன்."

அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். சட்டை மாட்டும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். நுழைத்தேன். "இது வேண்டாம், நீலம்" என்றார். கழற்றி மறுபடி மாட்டினேன். சென்ட் வேறு கேட்டார். ஆசை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சக்கர நாற்காலியோடு நான்கு பேர் அவரை மாடிக்குத் தூக்கினார்கள். அதில் ஒருவர் தாடிவைத்த பேக்கரிக்காரர். கூட்டத்தில் அவருக்குப் பெரியம்மா என்று பட்டப்பெயர்.

"நோயாளின்னாங்க, மூட்டை மாதிரி கனக்குற!"

"எல்லாம் உன் கேக்கத் தின்னு வந்த கனம்டி."

அதுவரை சரி. மேலே போனதும் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவருக்கு மனம் வருந்துமே என்று பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவரும் ஆடவில்லை. நல்ல மனசுதான், புத்திதான் இல்லை. பூட்டுக்காரரின் முகம் சுருங்கியது.

"வீட்டுக்குப் போலாம்" என்றார் கண்ணாடிக்காரரிடம்.

"போலாம்" என்றேன் நான். "ரொம்ப நேரமா உக்காந்திருக்கார். முதல்ல கொஞ்சம் நிக்க வைங்க."

தினமும் கட்டிலிலிருந்து எழுப்பக் கண்ணாடிக்காரருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்து எழுப்பினார். பூட்டுக்காரரின் வலது கை அவர் தோளில் ஏறியது.

"உக்கார வைக்காதீங்க. எடைய அந்தக் காலுக்கு, அப்புறம் இந்தக் காலுக்கு மாத்துங்க."

காலையில் செய்யும் அதே பயிற்சி. பெரியம்மா ஓடிப்போய்ப் பாட்டைக் கூட்டினார். இருவரும் நின்ற இடத்திலேயே அசைந்தார்கள்.

"டேய், கால மிதிக்கிற" என்றார் கண்ணாடிக்காரர்.

"இத்தன வருஷமா நீ மிதிச்ச. இப்ப என் முறை."

அதன்பிறகு ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் அவரை உட்காரவைத்து நாடி பார்த்தேன். சீராக இருந்தது.

"போலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருடா. சீட்டு போடப்போறாங்க. நான் இல்லன்னா பெரியம்மா எல்லாரையும் ஏமாத்திடுவா."

ஒரே கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டே எடுத்துப் போடவும் முடியாது. அதற்காகவே துணி துவைக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். அதன் முட்களுக்கு நடுவில் சீட்டுகள் நன்றாக நின்றன.