கட்டிப்போட்ட நாயும் நானும்

1. நாய் சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்தது. மறுநாளும் அப்படியே.
2. வாயோரம் எச்சில் நூலாக வடியத் தொடங்கியது.
3. காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி அதைப் பார்த்துவிட்டு, வெறி பிடித்துவிட்டது என்றார்.
4. மாலையில் வந்து சுட்டுவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார்.
5. நாய்க்குச் சொந்தக்காரி அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அங்கே படித்துத் தேறிய தாதி நான் ஒருத்திதான். டாக்டர் எப்போதாவது வருவார். அன்று காய்ச்சல் வார்டில் இடமில்லை. காலையிலிருந்து நான் உட்காரவே இல்லை. நாயைப் பார்த்ததும் இரக்கம் வரவில்லை. இன்னும் ஒரு வேலை என்றுதான் தோன்றியது.

நாயைக் கொண்டுவந்தவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், தனியாள். அவளுடைய மரங்கள் காட்டை ஒட்டியிருந்தன. விடியுமுன்பே அங்கே போகவேண்டும். அந்தப் பக்கம் புலி நடமாட்டமும் உண்டு. நாய் முன்னால் போகும். அது நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

“இதைச் சுட்டுட்டா யாரை நம்பி நான் உள்ள போறது மிஸ்ஸி? வாயை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

“நான் மனுசங்களுக்குப் படிச்சவ அக்கா.”

“மனுசன் வாயிலயும் பல்லுதானே இருக்கு.”

விழுங்க முடிகிறதா என்று பார்க்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முனகிக்கொண்டே குடித்தது. ரப்பர்க் கையுறைகளை மாட்டிக்கொண்டேன். அவள் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, தாடைகளுக்கு நடுவே துணிச்சுருள் வைத்துத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. கடைவாய்ப் பற்களில் மஞ்சளாகக் கல் படிந்திருந்தது. ஈறு சிவந்து வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம். ஒரு பல் ஆடியது. அதன் வேரடியில் சீழ்.

அதற்குள் கங்காணி வாசலுக்கு வந்துவிட்டார்.

“என் கடவாப் பல்லு ஒரு வருசமா ஆடுது. நாய்க்குத்தான் வைத்தியமா?”

“உங்களுக்கு எச்சில் வடியலையே கங்காணி,” என்றாள் அவள்.

“வடிஞ்சா என்னையும் சுட்டுருவாங்களே.”

ஆடிய பல்லைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. வலியில் நாய் தலையை உதறியபோது அடுத்த பல் உறையைக் கிழித்து என் விரலில் ஒரு கீறல் போட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

துரை துப்பாக்கியோடு வந்து, வெறி இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். பல் கெட்டிருக்கிறது, பல் கெட்ட நாய்க்கும் வெறி வரலாம். அவர் என் விரலைப் பார்த்தார். டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். சுடவேண்டாம், தனியாகக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனியுங்கள், நாயிடம் மாற்றம் தெரிந்தால் தாதியை உடனே ஊசிக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

பழைய உரக் கொட்டகையில் நாயைக் கட்டினோம். நான் வார்டு வேலையைப் பார்த்தேன். கஞ்சி கொடுத்தேன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தேன், படுக்கை விரித்தேன். நடுநடுவே கொட்டகைக்குப் போய் எட்டி நின்று பார்த்தேன். தண்ணீர் குடிக்கும்போது எனக்கும் தொண்டையில் சரியாக இறங்குகிறதா என்று கவனித்தேன். இத்தனை சீக்கிரம் எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கவனித்தேன்.

அவள் அந்த நாட்களில் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே தனியாகக் காட்டோரம் போனாள். போகிற வழியில் விளக்கைத் தூக்கிக் கொட்டகையைப் பார்ப்பாள். பிறகு என் ஜன்னலுக்கு வருவாள்.

“நாய் கஞ்சி குடிச்சிருச்சு மிஸ்ஸி. நீங்க சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் அக்கா.”

“அப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க.”

ஒருநாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு, அவள் போட்ட கருவாட்டுத் துண்டை ஒரு பக்கமாக மென்றது. டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தோம்.

நாய் இப்போது மறுபடியும் அவளுக்கு முன்னால் போகிறது. ஈறுகளில் இன்னும் ரத்தம் கசிகிறது. வாரத்துக்கு ஒருமுறை உப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுகிறேன். வலது பக்கம் இன்னொரு பல் ஆடத் தொடங்கியிருக்கிறது. அதையும் நான்தான் பிடுங்கவேண்டும். விரலில் கீறல் ஆறிவிட்டது.