கிரான்பெரிக்குப் போட்ட ஹோமச் சாம்பல்

கிரான்பெரி இந்த நியூஜெர்சி மண்ணிலேயே தானாக விளைகிற பழம் என்று நர்சரியில் சொன்னார்கள். அப்படியானால் என் கைக்கும் வரும் என்று நாலு கன்று வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். தரையோடு படரும் சின்னக் கொடி. முதல் பழம் கொலுவில் அம்பாளுக்கு என்று அன்றே வேண்டிக்கொண்டேன். காய்க்க மூன்று வருஷம் ஆகுமாம். எனக்கு அவசரமில்லை, அம்பாளுக்கும் இருக்காது.

மறுவருஷம் குளிர் விட்டதும் வீட்டில் கணபதி ஹோமம் செய்தோம். மிஞ்சிய சாம்பலைக் கால்படாத இடத்தில் போட வேண்டும். எங்கள் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் போகாத இடம் கிரான்பெரிப் பாத்தி ஒன்றுதான். பிரசாதமாயிற்றே, செடிக்கும் நல்லது என்று அத்தனையையும் அங்கே கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பெரிய படிப்பு படித்தவர். மண்ணைச் சோதித்துப் பார்த்தார். இந்தச் செடிக்குப் புளிப்பான மண்தான் வேண்டுமாம், சாம்பல் அந்தப் புளிப்பைப் போக்கிவிடுமாம். யார் சாம்பல் போட்டது என்று கேட்டார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"செடிக்கு விபூதி பூசிட்டியா? இனிமே அது சன்னியாசிதான். எங்க காய்க்கப்போகுது?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்பாளிடம் சொன்ன வாக்கு என்ன ஆவது? அதைப் பார்த்ததும் அவர் கேலியை விட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமையே சாம்பல் மண்ணை வாரி எறிந்து, பீட்மாஸ் என்கிற புளிப்பான பாசி மட்கை நிரப்பி, மேலே பைன் மரத்துச் சருகைப் பரப்பினார். அப்படியும் இரண்டு கன்று போய்விட்டது. மீதி இரண்டையும் தினம் விளக்கேற்றிய கையோடு போய்ப் பார்ப்பேன். அவர் காபி டம்ளரோடு கதவருகில் நின்று, "பேஷண்ட் எப்படி இருக்காங்க, டாக்டரம்மா?" என்று கேட்பார்.

அடுத்த வருஷம் பூத்தது. கொலுவுக்குப் பதினொரு பழம் கிடைத்தது. அதிலும் மூன்று பாதிதான் சிவந்திருந்தன. வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து நைவேத்தியம் செய்தேன்.

முதல் பிரசாதத்தை அவருக்குத்தான் கொடுத்தேன். கடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"இவ்வளவு புளிப்பையா அவளுக்குக் குடுத்தே?"

"அவ ஒண்ணும் சொல்லலீங்க. மூஞ்சியைச் சுளிக்கிறது நீங்கதான்."

மென்று முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.