திரும்பி வராத எழுத்துகள்

அப்பா சந்தேகப்பட்டால் அதையும் முறைப்படிதான் செய்வார். முதலில் விசாரணை, பிறகு நேரடி ஆய்வு, கடைசியில் உத்தரவு. பெரம்பலூர் தாலுகா ஆபீசில் பழகிய வரிசை அது. அரியலூரில் இருந்த எங்கள் வீட்டுக்கும் அதே விதிகள்தான். எழுபதுகளின் கடைசியில், ஒரு முழுப்பரீட்சை லீவில், அந்த ஆய்வு அத்தை மேல் வந்து விழுந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். கம்பெனியின் கம்ப்யூட்டர் மெட்ராசில் இருந்தது. இங்கே இருந்தது காகிதச் சுருள் மாட்டிய, டைப்ரைட்டர் மாதிரியான ஒரு பெரிய மெஷின். இரண்டுக்கும் நடுவே ஒரு டெலிபோன் லைன். இங்கே உட்கார்ந்து தட்டினால் அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்யும். அத்தை தட்டும் எழுத்து உடனே தாளில் விழாது. மெட்ராஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் விழும். அது போய்விட்டு வருகிற அந்தக் கண்ணிமைப்பைப் பார்ப்பதற்காகவே நான் லீவு நாட்களில் அத்தையோடு போவேன்.

வேகன் கணக்கெல்லாம் அனுப்பி முடிந்ததும் மெஷின் தானாகவே ஒரு வரி அடிக்கும். இங்கிலீஷ் எழுத்தில், நல்ல தமிழ். ‘சாப்டாச்சா?’ அத்தை சிரித்துக்கொண்டே பதில் தட்டுவாள். யார் கேட்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டேன். “கம்ப்யூட்டர்தான், வேற யாரு” என்றாள். அவ்வளவு அக்கறையான கம்ப்யூட்டரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்: உங்க தங்கச்சி மெட்ராஸ்ல ஒரு ஆளோட மெஷின்லயே பேசுதாமே. செந்துறையிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்து, பதிலுக்குக் காத்திருந்த சமயம். அப்பா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி மேனேஜரிடம் முறையாக அனுமதியும் வாங்கிக்கொண்டு, அத்தை மெஷினைப் போடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து அவள் நாற்காலிக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் பின்னால் நின்றார்.

“நீ பாட்டுக்கு வேலையப் பாரு. ஒரு வார்த்த வேற மாதிரி வந்துச்சுன்னாலும் நாளையிலேருந்து வூட்ல இரு. செந்துறைக்கு நான் சரின்னு சொல்லிடறேன்.”

அத்தை தன் பெயரைத் தட்டினாள். எழுத்துகள் போய்த் திரும்பி வந்து தாளில் விழுந்தன. அடுத்து பாஸ்வேர்டு. விரல்கள் ஓடின, தாள் வெறுமையாகவே இருந்தது.

“ஏன் ஒண்ணும் விழல?” என்றார் அப்பா.

“பாஸ்வேர்டுண்ணே. யாரும் பாத்துடக் கூடாதுன்னு அது மட்டும் திரும்பி வராது.”

தவறு, மறுபடி கொடு என்றது மெஷின். அத்தை மறுபடி தட்டினாள். மறுபடி தவறு. தினமும் ஒரு நொடியில் தட்டி முடிக்கிற சின்னச் சொல் அது. அன்றைக்கோ விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன. அப்பாவின் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டது.

“தெனம் அடிக்கிறதையே மறந்துட்டியாக்கும்.”

“நீங்க பின்னாடி நின்னா கை நடுங்குதுண்ணே.”

அத்தை எனக்கு ஹீரோயின். அப்பா முன்னால் அவள் இப்படித் தடுமாறியதில் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மூன்றாவது தடவையில் பாஸ்வேர்டு சரியானது.

வேகன் கணக்கு போனது. திரும்பி வந்த ஒவ்வொரு வரியிலும் அப்பா விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். எல்லாம் சிமெண்ட், மூட்டை, ரயில். கடைசி வரியும் முடிந்து மெஷின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. இப்போது ‘சாப்டாச்சா’ என்று கேட்கும், அப்பா அசந்துபோவார் என்று நான் காத்திருந்தேன். அத்தையின் கை சுருளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. காகிதம் கசங்கியது.

மெஷின் மறுபடி அசைந்தது. அப்பா குனிந்தார். எழுத்து எழுத்தாக, இங்கிலீஷில் ஒரு வரி வந்தது: வேறு தகவல் ஏதும் வேண்டுமா, சார்?

அப்பா நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பரவால்ல, மரியாத தெரிஞ்ச மெஷினாத்தான் இருக்கு.” ஆய்வு அத்தோடு முடிந்தது. புறப்படும்போது ஒரு பாராட்டும் கொடுத்தார்: “அந்தப் பாஸ்வேர்டு ஏற்பாடு நல்ல ஏற்பாடு. யாரும் பாக்க முடியாது.”

செந்துறை வரனை அத்தை ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். அடுத்த தை மாதம் மெட்ராசில் ஒரு ரிஜிஸ்தர் ஆபீசில் அவள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்ப்பவர். நோட்டீஸ், சாட்சி, கையெழுத்து எல்லாம் சட்டப்படி சரியாக இருந்ததால் எங்கே குறை சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

நான் வேலைக்குப் போய், கம்ப்யூட்டர்கள் ஆபீசுக்குள் வந்த காலத்தில், கம்ப்யூட்டர் அறையில் காலையில் எனக்கு ஒரு கடமை இருந்தது. தவறாகத் தட்டப்பட்ட பாஸ்வேர்டுகளைப் பார்க்க வேண்டும். தட்டியவரின் தாளில் விழாத எழுத்து, எங்கள் பக்கத்தில் அந்த நொடியே ஒன்று விடாமல் அச்சாகிவிடும். முதல் நாள் அதைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, எங்க அத்தை ஞாபகம் என்றேன்.

ஆனால் அன்றைக்கு, அப்பாவும் அத்தையும் முன்னால் நடக்க, ரயிலடியிலிருந்து வெயிலில் வீட்டுக்குப் போகும்போது, ஒரு சார் வந்து நிற்பது மெட்ராசில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதன்மேல் கோபம்தான் வந்தது. மணி இரண்டாகியிருந்தது. மூன்று பேரில் ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அது கேட்கவே இல்லை.